புற்றுநோயாளி சொல்ற சோர்வைச் சீட்டுல எழுதுங்க, டாக்டர்

1/
நேத்து பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். இன்னிக்கு பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் தினம். எங்க காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரங்களுக்கு இந்த ரெண்டு நாளும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது. காஞ்சிபுரத்துல பிறந்த அண்ணா, 1968 செப்டம்பர்ல நியூயார்க் போய் அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்டு வந்தும், 1969 பிப்ரவரி 3 அன்னிக்குப் புற்றுநோயால இறந்தார். அவர் பேர்ல 1969-ல் தொடங்கின அரசு புற்றுநோய் மருத்துவமனைதான் காரப்பேட்டையில இருக்கு.

இன்னிக்கு எல்லாரும் ரிப்பன் படம் போடுவாங்க. "ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்போம்"னு எழுதுவாங்க. நல்ல விஷயம், எழுதட்டும். நான் எழுதப் போறது, கண்டுபிடிச்சு சிகிச்சை ஆரம்பிச்ச பிறகு வர்ற ஒண்ணைப் பத்தி. அதுக்கு யாரும் போஸ்டர் அடிக்கிறதில்ல.

சோர்வு.

த்ரெட் நீளம். வீட்டுல, பக்கத்துல யாருக்காவது கீமோ நடந்துட்டு இருந்தா முழுசா படிங்க.

2/
முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் புற்றுநோய் நிபுணர் இல்ல. எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில ஓ.பி. பாக்கிற சாதாரண டூட்டி டாக்டர்.

கீமோ குடுக்கிறதும் ரேடியேஷன் குடுக்கிறதும் வேற இடத்துல, வேற டாக்டர்கள். ஆனா ஒரு கீமோவுக்கும் அடுத்த கீமோவுக்கும் நடுவுல ரெண்டு மூணு வாரம் இருக்கே, அப்போ "முடியல டாக்டர்"னு ஜனங்க வந்து நிக்கிறது எங்க வாசல்லதான். அந்த வாசல்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். அங்க தப்பு பண்ணவங்கள்ல நானும் ஒருத்தி.

3/
ஒரு அக்கா. நாற்பத்தி சொச்சம் வயசு. ஒரு கம்பெனி கேண்டீன்ல பாத்திரம் கழுவற வேலை, கான்ட்ராக்ட்ல. மார்பகப் புற்றுநோய், மூணாவது கீமோ முடிஞ்சிருந்தது. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அன்னிக்கு ஓ.பி.யில கூட்டம் வராண்டா தாண்டி நின்னுச்சு. அந்த அக்கா சொன்னது இதுதான்: "மேடம், கை காலெல்லாம் ஓஞ்சி போவுது. ராத்திரி பூரா தூங்கி எழுந்தாலும் அப்படியேதான் இருக்குது. வேலையில நிக்க முடியல."

நான் சொன்னது: "கீமோ போட்டா அப்படித்தான்க்கா இருக்கும். நல்லா சாப்பிடுங்க, ரெஸ்ட் எடுங்க."

சீட்டுல எழுதினது: உடம்பு வலி. பாரசிட்டமால், பி காம்ப்ளக்ஸ், 5 நாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

4/
ஏழு வாரம் கழிச்சு திரும்ப வந்தாங்க. முகம் வெளுத்துப் போயிருந்தது.

நடந்தது என்னன்னா, டாக்டரே சொல்லிட்டாங்கன்னு நாலு நாள் வேலைக்குப் போகாம வீட்டுல இருந்திருக்காங்க. திரும்பப் போனப்ப சூப்பர்வைசர் ஆதாரம் கேட்டார். என் ஓ.பி. சீட்டைக் காட்டினாங்க. "உடம்பு வலின்னுதானே எழுதியிருக்கு? எங்களுக்குத்தான் தினமும் வலிக்குது"ன்னு சொல்லிட்டார். அடுத்த திங்கள்லருந்து வர வேண்டாம்னுட்டார் கான்ட்ராக்டர்.

அதுக்கப்புறம் அவங்க போட்ட கணக்கு: அடுத்த கீமோ போட்டா பத்து நாள் படுக்கணும். படுத்தா புது இடத்துல வேலைக்குச் சேர முடியாது. அதனால கீமோவை விட்டுட்டாங்க. ரெண்டு தவணை போச்சு.

அன்னிக்குத்தான் நான் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 7.2.

5/
அந்த அக்கா எதையும் மறைக்கல. தெளிவா, தமிழ்ல, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாங்க. எழுதாம விட்டது நான்.

எங்க ஏரியாவுல வாழ்க்கையே தாள்லதான் ஓடுது. கேட் பாஸ், பன்ச் கார்டு, ஓ.டி. ஸ்லிப், கேண்டீன் டோக்கன். தாள்ல இல்லாத எதையும் கேட்டுல இருக்கிற செக்யூரிட்டியிலருந்து எச்.ஆர். வரைக்கும் யாரும் நம்ப மாட்டாங்க. அப்படிப்பட்ட ஊர்ல, புற்றுநோயாளி சொல்ற சோர்வை டாக்டரே தாள்ல எழுதலன்னா, அது சோம்பேறித்தனம்னு ஆயிடுது.

இந்த த்ரெட்ல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். புற்றுநோய்ச் சோர்வு ஒரு மருத்துவப் பிரச்சினை. அதைக் கேக்கணும், அளக்கணும், காரணம் தேடணும், சரி பண்ண முடிஞ்சதைச் சரி பண்ணணும், எல்லாத்தையும் எழுதணும். "அப்படித்தான் இருக்கும்"னு சொல்றது வைத்தியம் ஆகாது.

6/
"சோர்வு யாருக்குத்தான் இல்ல? பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தா எனக்கும்தான் இருக்கு"ன்னு கேக்கறீங்களா?

வேலை செஞ்சு வர்ற களைப்புக்கு ஒரு குணம் இருக்கு. செஞ்ச வேலைக்கு ஏத்த அளவுல வரும், தூங்கி எழுந்தா போயிடும். புற்றுநோய்ச் சோர்வுக்கு அந்தக் குணம் கிடையாது. தலை வாரினதுக்கே கை கனக்கும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் படுக்கும்போது இருந்த மாதிரியே இருக்கும். உடம்போட நிக்காம புத்தியையும் பிடிக்கும். அடுப்புல பாலை வெச்சது மறந்து போகும், டி.வி. சீரியல்கூட தொடர்ந்து பார்க்க முடியாது.

சிகிச்சையில இருக்கறவங்கள்ல மிக அதிகம் பேருக்கு வர்ற பக்கவிளைவு இதுதான். முடி கொட்டறது கண்ணுக்குத் தெரியும், வாந்தி வெளியே தெரியும். சோர்வு வெளியே தெரியாது. அதனாலதான் கணக்குல வர்றதில்ல.

7/
இது நம்ம மனசு சம்பந்தப்பட்ட புலம்பல்னு நினைக்கிறவங்களுக்கு: அமெரிக்காவுல டாக்டர்களும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் பயன்படுத்தற ஐ.சி.டி.-10-சி.எம். நோய்ப் பட்டியல்ல இதுக்குன்னு தனி எண்ணே இருக்கு. ஆர் 53.0. புற்றுநோயால வர்ற சோர்வு. காய்ச்சலுக்கு, சர்க்கரை நோய்க்கு எண் இருக்கிற மாதிரி.

அளக்கறதுக்கும் பெரிய மெஷின் வேண்டாம். ஒரே கேள்வி. "கடந்த ஏழு நாள்ல உங்க சோர்வுக்கு 0-லருந்து 10-க்குள்ள எவ்வளவு மார்க் போடுவீங்க? 0-ன்னா சோர்வே இல்ல, 10-ன்னா இதுக்கு மேல தாங்க முடியாது."

1 முதல் 3 லேசானது. 4 முதல் 6 நடுத்தரம். 7-க்கு மேல கடுமையானது. 4 தாண்டினாலே டாக்டர் காரணம் தேட ஆரம்பிக்கணும். உலகம் முழுக்க வழிகாட்டு நெறிகள் சொல்றது இதைத்தான்.

8/
எப்போ வரும்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் குறையும்.

கீமோவுல, ஊசி போட்ட அடுத்த சில நாள்ல சோர்வு உச்சத்துக்குப் போகும். அப்புறம் மெல்லக் குறைஞ்சு, அடுத்த ஊசிக்குள்ள கொஞ்சம் தெம்பு வரும். திரும்ப ஊசி, திரும்ப சரிவு.

எங்க பக்கம் "கரண்ட் வைக்கிறது"ன்னு சொல்ற ரேடியேஷன்ல வேற மாதிரி. முதல் வாரம் ஒண்ணும் தெரியாது. "பரவால்லயே"ன்னு நினைப்பீங்க. வாரம் ஆக ஆக ஏறிக்கிட்டே போகும். சிகிச்சை முடிஞ்ச பிறகும் சில வாரம், சிலருக்குப் பல மாசம் நிக்கும்.

"அதான் ட்ரீட்மென்ட் முடிஞ்சிடுச்சே, இன்னும் ஏன் படுத்திருக்க?"ன்னு வீட்டுல கேக்கறது சரியா இந்த நேரத்துலதான். தயவு செஞ்சு கேக்காதீங்க.

9/
இப்போ காரணங்கள். இங்கதான் "அப்படித்தான் இருக்கும்"னு சொன்ன என்னை மாதிரி டாக்டர்கள் மாட்டிக்கிறோம். ஏன்னா இதுல பல காரணங்களுக்கு வைத்தியம் இருக்கு.

முதல் காரணம் ரத்தசோகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ, ஆண்களுக்கு 13-க்குக் கீழ போனா ரத்தசோகை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15–49 வயசுப் பெண்கள்ல பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவங்க. அதாவது புற்றுநோய் வர்றதுக்கு முன்னாடியே தெம்பு பாதிதான். அது மேல கீமோ எலும்பு மஜ்ஜையை அமுக்குது.

இதைக் கண்டுபிடிக்க ஆகிற செலவு ஒரு சொட்டு ரத்தம். எங்க மாதிரி சின்ன ஆஸ்பத்திரியிலேயே, இலவசமா, அன்னிக்கே ரிசல்ட் வரும். அந்த ஒரு சொட்டைத்தான் நான் ஏழு வாரம் தள்ளிப் போட்டேன்.

10/
ரெண்டாவது, தைராய்டு. வாய்ப் புற்றுநோய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கழுத்துல ரேடியேஷன் வாங்கினவங்களுக்கு மாசக்கணக்குல, சில சமயம் வருஷம் கழிச்சுகூட தைராய்டு சுரப்பு குறையலாம். சோர்வு, உடம்பு கனம், மலச்சிக்கல், குளிர் தாங்காம போறது. டி.எஸ்.எச்.னு ஒரு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டா தினமும் ஒரு சின்ன மாத்திரை.

மூணாவது, உப்புச் சத்து. வாந்தி, பேதியால சோடியமும் பொட்டாசியமும் குறையும். சிஸ்பிளாட்டின் மாதிரி சில கீமோ மருந்துகள் மெக்னீசியத்தையும் இறக்கிடும்.

நாலாவது, நாமளே குடுக்கிற மாத்திரை. சில வாந்தி மாத்திரை, அரிப்பு மாத்திரை, வலி மாத்திரை தூக்கத்தைக் கூட்டும். மாத்திரைப் பையை மேஜையில கொட்டிப் பார்த்தாலே சில சமயம் விடை கிடைச்சிடும்.

அஞ்சாவது வலி. ஆறாவது தூக்கம் கெடறது. ஏழாவது மனச்சோர்வு. "முன்னாடி பிடிச்ச எதுவுமே இப்ப பிடிக்கல"ன்னு ரெண்டு வாரத்துக்கு மேல ஒருத்தர் சொன்னா அது தனியா வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். அதுக்குத் தைரியம் சொன்னா மட்டும் போதாது.

11/
இதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

சோர்வோட கூட இதுல எது இருந்தாலும் வீட்டுல காத்திருக்காதீங்க:

– காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதுக்கு மேல. கீமோவுல இருக்கறவங்களுக்கு இது அவசரம். வெள்ளை அணுக்கள் குறைஞ்சிருக்கலாம். ராத்திரி 2 மணியா இருந்தாலும் கிளம்புங்க.
– மூச்சு வாங்கறது, நெஞ்சு வலி, கால் வீக்கம். "சிவப்பு ஊசி"ன்னு ஜனங்க சொல்ற டாக்ஸோரூபிசின் மாதிரி மருந்துகள் சிலருக்கு இதயத்தைப் பாதிக்கும்.
– எங்கிருந்தாவது ரத்தக் கசிவு.
– குழப்பமா பேசறது, எழுப்ப முடியாத தூக்கம்.
– ஒரே நாள்ல திடீர்னு எழுந்திரிக்கவே முடியாம போறது.

108-க்குக் கூப்பிடுங்க. "கீமோவுல இருக்கார்"னு முதல் வரியிலேயே சொல்லுங்க.

12/
அடுத்தது நம்ம ஊர் தேசிய வைத்தியம்: "டாக்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்திடுங்க, தெம்பு வரும்."

5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டில்ல இருக்கிறது 25 கிராம் சர்க்கரை. ரெண்டு இட்லியில கிடைக்கிற சக்தி. அதுக்கு சில தனியார் கிளினிக்ல நானூறு ஐநூறு வாங்கிட்டு, கலருக்கு மஞ்சளா ஒரு வைட்டமின் ஊசியையும் கலந்து விடறாங்க. வாந்தியால தண்ணி வத்திப் போனவங்களுக்கு, சாப்பிடவே முடியாதவங்களுக்கு ட்ரிப்ஸ் தேவைதான். மத்தவங்களுக்கு அது படுக்க வெச்சு வாங்கற காசு.

அதுவும் கீமோவுல நரம்பு ஏற்கெனவே நொந்து போயிருக்கும். இருக்கிற ஒண்ணு ரெண்டு நல்ல நரம்பையும் இதுக்காகக் குத்திக் கெடுக்காதீங்க. ஊர் பேர் தெரியாத புரோட்டீன் பவுடர், "கேன்சர் டானிக்" எல்லாம் இதே ரகம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்க.

13/
சரி, ரத்தமும் பார்த்தாச்சு, தைராய்டும் பார்த்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு. ஆனாலும் சோர்வு. இப்போ ரெஸ்ட்டா?

இங்க ஒரு அதிர்ச்சி. தினம் பத்துப் பதினஞ்சு தடவை எங்க வாயிலருந்து வர்ற "ரெஸ்ட் எடுங்க" இருக்கே, அது பாதி தப்பு.

நாள் பூரா படுத்தே கிடந்தா தசை கரையும். தசை கரைஞ்சா பாத்ரூம் வரைக்கும் போறதே மலை ஏர்ற மாதிரி ஆகும். அதனால இன்னும் படுப்பாங்க. இன்னும் கரையும். இந்தச் சுழலை உடைக்க முடியுமான்னு 1980-கள்லயே அமெரிக்காவுல, ஓஹையோவுல, செவிலியர் ஆய்வாளர்கள் முயற்சி பண்ணாங்க. மேரில் வின்னிங்ஹாம், மேரி மெக்விகார்னு பேரு. கீமோவுல இருந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை நிலையான சைக்கிள் மிதிக்க வெச்சாங்க. புற்றுநோயாளின்னாலே படுக்கைதான்னு இருந்த காலம் அது. டாக்டர்கள் கண்ணுல படாதது நர்சுகள் கண்ணுல பட்டுச்சு.

14/
அதுக்கப்புறம் நூத்துக்கணக்குல ஆய்வு வந்தாச்சு. 2017-ல் ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு, 113 ஆய்வுகள்ல பங்கெடுத்த 11,525 பேரோட விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. சோர்வைக் குறைக்கிறதுல உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் மருந்து மாத்திரைகளை விட நல்லா வேலை செஞ்சதுன்னு முடிவு சொன்னது.

எவ்வளவு? சர்வதேச நிபுணர்கள் 2019-ல் சொன்ன அளவு: வாரம் மூணு நாள், ஒரு நாளைக்கு 30 நிமிஷம், பேசிக்கிட்டே நடக்கிற வேகம். முடிஞ்சா வாரம் ரெண்டு நாள் தசைக்கான லேசான பயிற்சி. நாற்காலியிலருந்து கை ஊன்றாம எழுந்து உக்கார்றதுகூட அதுல சேர்த்திதான்.

முதல் நாளே 30 நிமிஷம் வேண்டாம். வாசல் வரைக்கும் 5 நிமிஷம். அடுத்த வாரம் 7 நிமிஷம். எலும்புக்குப் பரவியிருந்தா, ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருந்தா, தட்டணுக்கள் குறைஞ்சிருந்தா, காய்ச்சல் இருந்தா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

15/
இதைச் சொன்னா எங்க ஓ.பி.யில உடனே வர்ற பதில்: "நான்தான் கம்பெனியில நாள் பூரா நின்னுட்டு நடந்துட்டு இருக்கேனே மேடம்?"

நியாயமான கேள்வி. ஆனா அது உடற்பயிற்சி ஆகாது. பயிற்சின்னா உங்க உடம்பு சொல்ற இடத்துல நிறுத்தலாம். லைன் உங்களுக்காக நிக்காது. கேண்டீன்ல பாத்திரம் குவிஞ்சா "மீதி நாளைக்கு"ன்னு சொல்ல முடியாது. எட்டு மணி நேரம் ஒரே இடத்துல நின்னு, கம்பெனி பஸ்ல ஒரு மணி நேரம் குலுங்கி, ராத்திரி ஷிப்ட்ல தூக்கம் கெட்டு வர்றது உடம்பைக் கரைக்கும்.

அதனால "ரெஸ்ட் எடுங்க"ன்ற வார்த்தை ரெண்டு பக்கமும் தப்பாப் போகுது. வீட்டுல வசதியா இருக்கிறவரை நடக்கச் சொல்லணும், அவரைப் படுக்க வைக்கிறோம். நின்னே சாகிறவருக்கு லீவு வேணும், அவருக்குத் தாள் குடுக்க மாட்டேங்கிறோம்.

16/
வீட்டுல என்ன பண்ணலாம்? சட்டைப் பையில 100 ரூபாதான் இருக்குன்னு வெச்சுக்கோங்க. அதை எதுக்குச் செலவு பண்றதுன்னு யோசிப்பீங்க இல்ல, தெம்பையும் அப்படி யோசிங்க.

– ஒரு நாள்ல எந்த நேரம் தெம்பா இருக்கீங்கன்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. முக்கியமான வேலையை அந்த நேரத்துக்கு மாத்துங்க.
– காய் நறுக்கறது, குளிக்கறது, துணி மடிக்கறது எல்லாம் உக்கார்ந்து.
– பகல்ல படுத்தா அரை மணி நேரத்துக்குள்ள எழுந்துடுங்க. இல்லன்னா ராத்திரித் தூக்கம் போயிடும்.
– மூணு வேளை நிறைய சாப்பிட முடியலன்னா ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமா. முட்டை, மீன், தயிர், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை.
– சாயங்காலத்துக்கு மேல டீ, காபி வேண்டாம்.
– ஒரு பழைய நோட்டுல தினமும் தேதி போட்டு சோர்வு மார்க் எழுதுங்க. 6, 7, 5, 8. டாக்டர்கிட்ட நோட்டைக் காட்டுங்க. என்னை மாதிரி அவசரத்துல இருக்கிற டாக்டரைக்கூட அந்த நோட்டு நிறுத்தி வைக்கும்.

17/
வீட்டு ஆம்பளைங்களுக்கு ஒரு வார்த்தை. கோபம் வந்தாலும் படிங்க.

வீட்டுல ஆணுக்குப் புற்றுநோய்னா அவரைக் கட்டில்ல படுக்க வெச்சு, கஞ்சி கொண்டு வந்து, பக்கத்துலயே ஒரு ஆள் உக்காந்திருக்கும். பெண்ணுக்குப் புற்றுநோய்னா கீமோ முடிஞ்சு வந்த சாயங்காலமே "ராத்திரிக்கு என்ன?"ன்னு கேள்வி வருது. நான் பார்த்த பெண்கள்ல பலர் சோர்வுக்கு 8 மார்க் போட்டுட்டு, அன்னிக்குக் காலையில நாலு பேருக்குச் சமைச்சுட்டுத்தான் வந்திருக்காங்க.

துணைக்கு வந்த ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன், "வீட்டு வேலை யார் பண்றாங்கண்ணா?" "அவளேதான் மேடம், சும்மா இருக்க மாட்டா." அந்த அக்கா தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாங்க.

சும்மா இருக்க விட்டாத்தானே இருப்பாங்க? தண்ணி பிடிக்கறதும் பாத்திரம் கழுவறதும் உங்களுக்குக் கை வராத வேலை ஒண்ணும் இல்ல.

18/
பயணத்தையும் சேர்த்துக்கோங்க. ரேடியேஷன்னா பொதுவா வாரம் அஞ்சு நாள், மூணு வாரத்துலருந்து ஏழு வாரம் வரைக்கும். ஒரகடத்துலருந்து காரப்பேட்டைக்குப் போகணும்னா வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியா, குறைஞ்சது ரெண்டு பஸ். ஒரு வழிக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல. கரண்ட் வைக்கிறது சில நிமிஷம், போய் வர்றது அரை நாள்.

அந்த அரை நாளும் சோர்வுதான். துணைக்கு ஒருத்தர் போனா அவர் கூலியும் போச்சு. சிகிச்சை இலவசம், படுக்கை இலவசம், ஆனா நடுவுல இருக்கிற இந்த நாற்பது நாள் சம்பளத்தை யார் குடுப்பா? பாதியில நின்னு போறவங்க எல்லாரும் அறியாமையால நிக்கறாங்கன்னு மேடையில பேசறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாக்கணும்.

19/
அந்தச் சம்பளத்துல ஒரு பகுதியை வாங்கித் தர ஒரு திட்டம் இருக்கு. 1948-ஆம் வருஷச் சட்டத்தால வந்த ஈ.எஸ்.ஐ. மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு அது பொருந்தும். உங்க சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிக்கிறாங்க, முதலாளி 3.25 சதவீதம் கட்டணும்.

இதைப் பல பேர் மாத்திரை வாங்கற கார்டுன்னு மட்டும் நினைக்கிறாங்க. நோயால வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். புற்றுநோய் உள்பட 34 நோய்களுக்கு, அதுக்கு மேலயும் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி இருக்கு. 80 சதவீதம், அதிகபட்சம் ரெண்டு வருஷம் வரைக்கும். அதுக்குத் தொடர்ந்து ரெண்டு வருஷம் ஈ.எஸ்.ஐ. உள்ள வேலையில இருந்திருக்கணும், அந்தக் காலத்துல குறைஞ்சது 156 நாள் சந்தா கட்டியிருக்கணும்.

சான்று தர வேண்டியது ஈ.எஸ்.ஐ. மருந்தக டாக்டர். அவர் எதைப் பார்த்துத் தருவார்? எங்க தாளைப் பார்த்து. அதுல "உடம்பு வலி"ன்னு இருந்தா?

20/
2025 நவம்பர் வரைக்கும் நடைமுறையில இருந்த அந்த 1948 சட்டத்தோட 73-ஆவது பிரிவைப் படிங்க. நோய்க்கால உதவி வாங்கிட்டு இருக்கிற காலத்துலயும், முறைப்படி சான்று பெற்ற நோயால வேலைக்கு வராத காலத்துலயும் தொழிலாளியை வேலையை விட்டு எடுக்கவோ, இறக்கவோ, தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமை இல்லன்னு அது சொன்னது. "முறைப்படி சான்று பெற்ற". அந்த மூணு வார்த்தையிலதான் ஒரு குடும்பத்தோட சோறு இருந்தது.

"அவங்க கான்ட்ராக்ட் ஆளு, எங்க ஆள் இல்ல"ன்னு கம்பெனி சொன்னா, அதே சட்டத்தோட 40-ஆவது பிரிவு சொன்னது: கான்ட்ராக்டர் வழியா வேலை செய்றவங்களுக்கும் சந்தா கட்ட வேண்டிய முதல் பொறுப்பு முதன்மை முதலாளிக்குத்தான்.

திரும்ப வேலைக்குப் போறவங்களுக்கு, 2025 நவம்பர் வரைக்கும் நடைமுறையில இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தோட 44-ஆவது பிரிவு சொன்னது: நின்னு வேலை செய்றவங்க வாய்ப்பு கிடைக்கும்போது உக்கார வசதி இருக்கணும். ஸ்டூல் கேக்கறது சலுகை இல்ல. 1948-லயே சட்டத்துல எழுதினது.

21/
ஆனா ஓட்டை எங்கன்னும் சொல்லணும். எங்க ஏரியாவுல ஒரே கேட்டுக்குள்ள ஒரே வேலையைச் செஞ்சுக்கிட்டே கான்ட்ராக்டர் மட்டும் மாறிட்டு இருப்பார். புது கான்ட்ராக்டர் வரும்போது புது ஈ.எஸ்.ஐ. எண் போட்டுடறாங்க. அஞ்சு வருஷம் சந்தா கட்டின ஆள் கம்ப்யூட்டர்ல எட்டு மாச ஆளா தெரியறார். ரெண்டு வருஷத் தொடர்ச்சி எங்க போச்சு?

பழைய எண்ணைத்தான் தொடரணும்னு இன்னிக்கே கேளுங்க. நோய் வந்த பிறகு இல்ல, இன்னிக்கே. ஒடிசாவுலருந்தும் பீகார்லருந்தும் வந்து ஒரே ரூம்ல எட்டுப் பேர் தங்கியிருக்கிற தம்பிகளுக்கும் இதைச் சொல்லுங்க. அவங்களுக்கு இதெல்லாம் யாரும் அவங்க பாஷையில சொன்னதில்ல.

22/
எச்.ஆர். நண்பர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீங்கன்னு தெரியும். உங்க கேள்வியும் தெரியும்: "சோர்வுன்னு யார் வேணா சொல்லலாமே டாக்டர், எப்படி நம்பறது?"

தலைவலியையும் யார் வேணா சொல்லலாம். இங்க நாம பேசறது பயாப்ஸி ரிப்போர்ட்டும் கீமோ அட்டையும் கையில வெச்சிருக்கிற ஒருத்தரைப் பத்தி. அவர் பொய் சொல்லி நாலு நாள் சம்பளத்தை இழக்கணும்னு என்ன தலையெழுத்து?

உங்க ரோபோ ஆர்ம் ஒண்ணு மெதுவா சுத்தினா மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடறீங்க. மனுஷன் மெதுவா சுத்தினா மெமோ குடுக்கறீங்க.

23/
என் சக டாக்டர்கள் கேள்வி இன்னும் நேரடியானது: "ஒரு ஓ.பி.யில இருநூறு பேர் பாக்கிறோம், இதெல்லாம் கேக்க நேரம் எங்க?"

எனக்கும் அதே ஓ.பி.தான். ஆள் பத்தலைங்கிறது உண்மை, அதுக்காகத் தனியா சண்டை போடுவோம். ஆனா 0-லருந்து 10 கேள்விக்குப் பத்து செகண்ட். அந்த மார்க்கை எழுத ரெண்டு செகண்ட். ஹீமோகுளோபினுக்குச் சீட்டு எழுத அஞ்சு செகண்ட். "அப்படித்தான் இருக்கும், ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்றதுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகுது.

இன்னொண்ணு. நம்ம சான்றிதழுக்கு ரெண்டே வார்த்தைதான் தெரியும். ஃபிட், அன்ஃபிட். சிகிச்சையில இருக்கிற பெரும்பாலானவங்க இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்காங்க. "கீமோவுக்குப் பின் 7 நாள் ஓய்வு தேவை. 3 மாதம் இரவு ஷிப்ட் வேண்டாம். உட்கார்ந்து செய்யும் வேலை. கனமான பொருள் தூக்கக் கூடாது." இப்படி எழுத எந்த விதியும் நம்மைத் தடுக்கல. சோம்பல்தான் தடுக்குது. அது நம்ம சோம்பல்.

24/
அதனால கேக்கறது நாலே விஷயம்.

டாக்டர்கள்: கீமோ, ரேடியேஷன்ல இருக்கிற ஒவ்வொருத்தர் சீட்டுலயும் சோர்வு மார்க் எழுதுங்க. 4-க்கு மேல இருந்தா காரணம் தேடுங்க.

அரசு: மக்களைத் தேடி மருத்துவம் 2021-லருந்து வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பாக்குது. அதே ஊழியர்கள் கீமோவுல இருக்கறவங்க வீட்டுல இந்த ஒரு கேள்வியையும் கேக்கட்டும்.

கம்பெனிகள்: சிகிச்சையில இருக்கிற தொழிலாளிக்கு ராத்திரி ஷிப்ட் இல்லாத, உக்கார்ந்து செய்ற வேலை குடுங்க. கான்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்து.

நீங்க: "முடியல"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. "சோர்வு பத்துக்கு எட்டு டாக்டர், சீட்டுல எழுதுங்க"ன்னு சொல்லுங்க. எழுதற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க. என் ஓ.பி.யா இருந்தாலும் சரி.

25/
அந்த அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க.

ரத்தம் ஏத்தி, அவங்க சிகிச்சை எடுத்த இடத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். கீமோ திரும்ப ஆரம்பிச்சாங்க. நடுவுல விட்ட நாள் விட்டதுதான், அதோட விலை என்னன்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாது. வேலை திரும்பக் கிடைக்கல. ஈ.எஸ்.ஐ.யில ரெண்டு எண் இருக்கு, ரெண்டையும் சேர்க்க இன்னும் அலையறாங்க.

போன மாசம் வந்தப்ப நோட்டைக் காட்டினாங்க. தேதி வாரியா மார்க். சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் நடக்கறாங்களாம். கடைசி வாரம் பூரா 5. நான் அதைச் சீட்டுல எழுதினேன். எழுதிட்டேனான்னு எட்டிப் பார்த்துட்டுத்தான் எழுந்தாங்க.

அந்த முதல் சீட்டை அவங்க இன்னும் ஃபைல்ல வெச்சிருக்காங்க. உடம்பு வலி, பி காம்ப்ளக்ஸ், 5 நாள். கீழ என் கையெழுத்து.

26/
இது பொதுத் தகவல். உங்க மருந்தை நீங்களே நிறுத்தவோ மாத்தவோ வேண்டாம், சிகிச்சை தர்ற டாக்டர்கிட்ட கேளுங்க.

சேர் பண்ணணும்னா ரிப்பனுக்குப் பதிலா 11-ஆவது பதிவையும் 19-ஆவது பதிவையும் சேர் பண்ணுங்க. உங்க கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.